பிரிட்டனில் 750 கிலோவைத் தாண்டும் டிரெய்லர்: பிரேக் சட்டத்துக்கு ஒரு படிப்படி வழிகாட்டி

பிரிட்டனில் கார் அல்லது வேனுக்குப் பின்னால் மாட்டி இழுக்க ஒரு பழைய இரட்டை அச்சு டிரெய்லரைத் தேடியபோது, பிரேக் பற்றி நான் கேட்ட ஒவ்வொருவரும் ஒவ்வொரு பதில் சொன்னார்கள். விற்றவர் ஒன்று சொன்னார், பட்டறைக்காரர் வேறொன்று சொன்னார், காப்பீட்டு நிறுவனத்தின் தொலைபேசியில் பேசியவர் இரண்டையும் மறுத்தார். விதிகள் தெளிவாகத்தான் இருக்கின்றன. ஆனால் ஒரே இடத்தில் இல்லை. எந்த வரிசையில் பார்த்தால் பணமும் நேரமும் வீணாகாதோ, அந்த வரிசையில் இங்கே எழுதியிருக்கிறேன்.

இது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் பகுதிகளுக்கானது. வட அயர்லாந்தில் உரிம விதிகள் வேறு. விவசாய டிராக்டர் இழுக்கும் டிரெய்லர்களுக்கும் தனி விதிகள் உண்டு. அவற்றை இங்கே தொடவில்லை.

1. முதலில் டிரெய்லரின் தகட்டைப் படியுங்கள்

எல்லாம் ஓர் எண்ணில் தொடங்குகிறது: எம்ஏஎம். டிரெய்லரும் அதில் ஏற்றும் சுமையும் சேர்ந்து அதிகபட்சம் எவ்வளவு எடை இருக்கலாம் என்று தயாரிப்பாளர் நிர்ணயித்த வரம்பு இது. பெரும்பாலும் முன்பக்கச் சட்டத்தில், கப்ளிங்குக்கு (வண்டியோடு மாட்டும் இணைப்புத் தலைக்கு) பக்கத்தில், ஒரு சிறிய தகட்டில் கிலோகிராமில் பொறித்திருப்பார்கள்.

இந்த எண் 750 அல்லது அதற்குக் குறைவு என்றால் பிரேக் கட்டாயமில்லை. 750ஐத் தாண்டினால் கட்டாயம். அன்றைக்கு அதில் எவ்வளவு ஏற்றியிருக்கிறீர்கள் என்பது இந்தக் கேள்விக்குப் பொருட்டே இல்லை. வெறும் டிரெய்லர் 400 கிலோதான் இருக்கும், தகட்டில் 1,300 என்று இருக்கும். காலியாகவே இழுத்தாலும் அதில் வேலை செய்யும் பிரேக் இருக்க வேண்டும். "காலியாகத்தானே கொண்டுபோகிறேன்" என்பது சாலையில் நிறுத்திச் சோதிக்கும் அதிகாரியிடம் எடுபடாது.

இதற்கு நேர்மாறான பொறி ஒன்றும் உண்டு. தகட்டில் 750 அல்லது குறைவாக இருந்தாலும், டிரெய்லரில் பிரேக் பொருத்தியிருந்தால் அது ஒழுங்காக வேலை செய்தாக வேண்டும். "சின்ன டிரெய்லர்தானே" என்று கேபிளைக் கழற்றிவிட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி இருப்பதைக் கண்டால் பழுது பார்க்கும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

தகடே இல்லையா? வாங்காதீர்கள். பிரேக் இல்லாத சிறிய டிரெய்லரில்கூட எடை வரம்பு எழுதப்பட்டிருக்க வேண்டும். விற்பவர் தானே ஒரு ஸ்டிக்கரை அச்சடித்து ஒட்டியது போலத் தெரிந்தால், தயாரிப்பாளரிடம் வரிசை எண்ணைக் கொடுத்து உறுதி செய்யச் சொல்லுங்கள். எடை வரம்பைக் குறைத்துப் புதுத் தகடு பெற வழி உண்டு. அதைத் தயாரிப்பாளரிடமிருந்து எழுத்தில் வாங்குவதே பாதுகாப்பு.

2. உங்கள் வண்டியின் எண்களை அதோடு ஒப்பிடுங்கள்

இரண்டு இடங்களில் பாருங்கள். ஒன்று, வண்டியின் விஐஎன் தகடு (அடையாள எண் பொறித்த தகடு). ஓட்டுநர் கதவுத் தூணிலோ பானட்டுக்கு அடியிலோ இருக்கும். அதில் வரிசையாக எடைகள் இருக்கும். முதலாவது வண்டியின் அதிகபட்ச எடை, இரண்டாவது வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த அதிகபட்ச எடை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால், முழுச் சுமையோடு உள்ள அந்த வண்டி எவ்வளவு இழுக்கலாம் என்பது கிடைக்கும். முதலாவது 2,000, இரண்டாவது 3,900 என்று இருந்தால் 1,900 கிலோ. இரண்டாவது எண்ணே இல்லை என்றால் அந்த வண்டியால் எதையும் இழுக்கக் கூடாது. சில ஹைபிரிட், மின்சாரக் கார்கள் இப்படித்தான் வருகின்றன. டோபார் (டிரெய்லரை மாட்ட வண்டியின் பின்னால் பொருத்தும் இணைப்பு) பொருத்திவிட்டால் மட்டும் இது மாறிவிடாது.

இரண்டாவது இடம், வி5சி லாக்புக் (வண்டியின் பதிவு ஆவணம்). அதில் ஓ.1 என்ற கட்டம் பிரேக் உள்ள டிரெய்லருக்கான வரம்பு, ஓ.2 பிரேக் இல்லாததற்கான வரம்பு. இவற்றோடு கையேட்டில் உள்ள எண்ணையும் பாருங்கள். மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் குறைந்ததைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பிரேக் இல்லாத டிரெய்லருக்கு இன்னொரு வரம்பும் உண்டு: 750 கிலோ அல்லது வண்டியின் கெர்ப் எடையில் (ஆளும் சுமையும் இல்லாத வண்டியின் எடையில்) பாதி, இரண்டில் எது குறைவோ அது. உங்கள் கார் 1,300 கிலோ என்றால், 650 கிலோவுக்கு மேல் எடையுள்ள பிரேக் இல்லாத டிரெய்லரை அது இழுக்கக் கூடாது. சிறிய கார் வைத்திருப்பவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்வது இதில்தான்.

எவ்வளவு ஏற்றியிருக்கிறோம் என்ற சந்தேகம் வந்தால் வேபிரிட்ஜுக்கு (வண்டிகளை எடை போடும் மேடைக்கு) போங்கள். உள்ளூர் கவுன்சில்கள், பழைய இரும்புக் கிடங்குகள், தானியக் களஞ்சியங்கள் ஆகியவற்றில் பொதுமக்களுக்கும் எடை போட்டுத் தருவார்கள், கட்டணமும் பெரிதல்ல. டிரெய்லரை வண்டியிலிருந்து கழற்றித் தனியாக நிறுத்தி எடை போடுங்கள். சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

3. ஓட்டுநர் உரிமம்

இது இப்போது எளிது. 2021 டிசம்பர் 16 முதல், சாதாரண கார் உரிமம் உள்ளவர்கள் எம்ஏஎம் 3,500 கிலோ வரையுள்ள டிரெய்லரைத் தனித் தேர்வு இல்லாமலே இழுக்கலாம். இணையத்தில் கிடைக்கும் பழைய கட்டுரைகள் இன்னும் அந்தத் தேர்வைக் கேட்கும், பொருட்படுத்த வேண்டாம். அட்டையை மாற்றவும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. அடுத்த முறை புது அட்டை வரும்போது டிவிஎல்ஏ (ஓட்டுநர், வாகன உரிம அலுவலகம்) தானாகவே சேர்த்துவிடும்.

உரிமம் எளிதாகிவிட்டதால் பொறுப்பு குறையவில்லை. வாடகைக்கு எடுத்த டிரெய்லரானாலும், நண்பரிடம் கடன் வாங்கியதானாலும், பிரேக் பழுதென்றால் பொறுப்பு ஓட்டுபவருடையது. பழுதான பிரேக்கோடு ஓட்டினால் சியு10 என்ற குறியீட்டில் உரிமத்தில் 3 புள்ளிகள் ஏறும். நீதிமன்றம் வரை போனால் 2,500 பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம், சரக்கு வாகனம் என்றால் அதற்கு மேலும்.

4. எந்த வகை பிரேக் இருக்க வேண்டும்

750க்கு மேல் 3,500 கிலோ வரையுள்ள டிரெய்லர்களில் நீங்கள் பார்ப்பது அநேகமாக ஓவர்ரன் பிரேக்தான். கார் வேகம் குறையும்போது பின்னால் வரும் டிரெய்லர் காரை முன்னோக்கித் தள்ளும். அந்தத் தள்ளுதலே கப்ளிங்கின் தண்டை உள்ளே நகர்த்தி, கம்பியும் கேபிளும் வழியாகச் சக்கரங்களின் பிரேக் ஷூக்களை விரிக்கிறது. காரிலிருந்து இதற்கு எந்த இணைப்பும் தேவையில்லை.

சட்டப்படி கவனிக்க வேண்டியவை: பிரேக் எல்லாச் சக்கரங்களிலும் இயங்க வேண்டும். இரட்டை அச்சு டிரெய்லரில் ஓர் அச்சில் மட்டும் பிரேக் இருப்பது போதாது. வாங்கும்போது குனிந்து நான்கு சக்கரங்களின் பின்புறமும் பாருங்கள்; நான்கிலும் கேபிள் போய்ச் சேர வேண்டும். 1982 அக்டோபருக்குப் பிந்திய டிரெய்லரில் கப்ளிங்குக்கு ஹைட்ராலிக் டேம்பர் (தள்ளுதலின் அதிர்வைத் தணிக்கும் உருளை) இருக்க வேண்டும். 1989 ஏப்ரலிலிருந்து செய்யப்பட்டவற்றில், பின்னோக்கி எடுக்கும்போது பிரேக் தானாக விடுபடும் வசதியும் வேண்டும். அப்புறம் ஹேண்ட்பிரேக்: குறைந்தது இரண்டு சக்கரங்களில் இயங்கி, முழுச் சுமையுள்ள டிரெய்லரை 18 சதவீதச் சரிவில் நிறுத்தி வைக்கும் வலு அதற்கு இருக்க வேண்டும்.

அமெரிக்காவிலிருந்து வந்த டிரெய்லர்கள் மலிவாகத் தெரியலாம். அவற்றில் பெரும்பாலும் மின்சார பிரேக் இருக்கும். அதை இயக்கும் கருவி இங்குள்ள கார்களில் வருவதில்லை. இங்குள்ள விதிகளுக்கு ஏற்றது என்பதற்கான சான்றை விற்பவர் காகிதத்தில் காட்டாவிட்டால் விலகிவிடுங்கள். அச்சையும் கப்ளிங்கையும் மாற்றும் செலவு, மிச்சம் பிடித்ததை விழுங்கிவிடும்.

3,500 கிலோவுக்கு மேல் ஓவர்ரன் பிரேக் செல்லாது. வண்டியிலிருந்தே இயக்கப்படும் பிரேக் வேண்டும், ஆண்டுச் சோதனை வேண்டும், உரிமமும் வேறு. அது லாரிக்காரர்களின் உலகம்.

5. பணம் கொடுக்கும் முன் செய்ய வேண்டிய சோதனை

இந்தப் படிக்கு நேரம் ஒதுக்குங்கள். 3,500 கிலோவுக்குள் இருக்கும் டிரெய்லர்களுக்கு எம்ஓடி (கார்களுக்கு உள்ள கட்டாய ஆண்டுச் சோதனை) கிடையாது. அதாவது, உங்களுக்கு முன் யாரும் இதைச் சோதித்திருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. பத்து வருடம் வயலோரத்தில் நின்ற டிரெய்லரும் புதுப் பெயின்ட்டோடு விற்பனைக்கு வரும்.

டேம்பர்: ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, கப்ளிங் தலையைப் பிடித்துப் பலமாக உள்ளே தள்ளுங்கள். எதிர்ப்புக் காட்டி மெதுவாக உள்ளே போய், மெதுவாகத் திரும்பி வர வேண்டும். லேசாகவே உள்ளே போய்விட்டாலோ, வெளியே வராமல் அங்கேயே நின்றாலோ டேம்பர் போய்விட்டது. ஓட்டும்போது பிரேக் போட்டால் பின்னாலிருந்து "டொக்" என்ற அடி கேட்பதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

ஹேண்ட்பிரேக்: இழுத்துப் பிடித்தபடி டிரெய்லருக்கு அடியில் பாருங்கள். கப்ளிங்கிலிருந்து பின்னோக்கிப் போகும் நடுக்கம்பி முடியும் இடத்தில், கேபிள்களைப் பிரித்து இழுக்கும் ஒரு குறுக்குத் துண்டு இருக்கும். அது நேராக நிற்க வேண்டும். ஒரு பக்கமாகச் சாய்ந்தால் அந்தப் பக்கத்துக்கும் இந்தப் பக்கத்துக்கும் பிடி ஒரே அளவில் இல்லை. ஒரு கேபிள் இறுகியிருக்கலாம், அல்லது ஒரு டிரம்மில் ஷூ தேய்ந்திருக்கலாம்.

பின்னோக்கி எடுத்தல்: சற்று மேட்டில் மெதுவாக ரிவர்ஸ் எடுக்கச் சொல்லுங்கள். சக்கரங்கள் தடையின்றி உருள வேண்டும். பூட்டிக்கொண்டால் தானாக விடுபடும் அமைப்பு துருப்பிடித்திருக்கிறது, அல்லது யாரோ பிரேக்கைத் தவறாக இறுக்கியிருக்கிறார்கள். இதே அமைப்பால் இன்னொரு விஷயமும் நடக்கும். சரிவில் ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்தினாலும், டிரெய்லர் பின்னோக்கிச் சிறிது தூரம் உருண்ட பிறகே பிடிக்கும். இது பழுது இல்லை. ஆனால் பின்னால் ஒரு குழந்தை நின்றால் அந்தச் சிறிது தூரம் போதும். சக்கரத்துக்கு அடைக்கட்டை வைக்காமல் ஒருபோதும் கழற்றாதீர்கள்.

எண்கள் பொருந்துகின்றனவா: கப்ளிங்கில் ஒரு தகடு, அச்சில் ஒரு தகடு இருக்கும். கப்ளிங் தகட்டில் இத்தனை கிலோ முதல் இத்தனை கிலோ வரை என்று ஒரு வீச்சு எழுதியிருக்கும். டிரெய்லரின் எம்ஏஎம் அந்த வீச்சுக்குள் வர வேண்டும், அச்சு அந்த எடையைத் தாங்க வேண்டும். பழைய கப்ளிங் உடைந்தபோது கையில் கிடைத்ததை மாட்டியவர்கள் ஏராளம். பெரிய வீச்சுள்ள கப்ளிங்கைச் சிறிய டிரெய்லரில் போட்டால் பிரேக் சரியாகப் பிடிக்காது, சிறியதைப் பெரியதில் போட்டால் சட்டென்று கவ்வும். இரண்டுமே ஆபத்து.

சில மைல் ஓட்டிப் பார்க்க அனுமதித்தால், நிறுத்தியதும் ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் அருகே கையைக் கொண்டுபோங்கள், தொடாதீர்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் விடாமல் உரசுகிறது. ஒன்று மட்டும் சில்லென்று இருந்தால் அங்கே பிரேக்கே பிடிக்கவில்லை.

6. பிரேக்அவே கேபிள்

பிரேக் உள்ள டிரெய்லர் ஓட்டத்தில் கழன்றுவிட்டால் பிரேக் தானாக விழ வேண்டும் என்பது சட்டம். அந்த வேலையைச் செய்வது ஹேண்ட்பிரேக்கோடு இணைந்த மெல்லிய கேபிள். பெரும்பாலும் சிவப்பு உறை போட்டிருக்கும். டிரெய்லர் விலகும்போது கேபிள் ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் போட்டுவிட்டு, பிறகு அறுந்துவிடும். அறுவதற்காகவே மெல்லியதாகச் செய்திருக்கிறார்கள். அறாமல் இருக்கட்டும் என்று தடித்த கம்பியோ சங்கிலியோ மாட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பிரேக் போட்ட டிரெய்லரைக் கார் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகும் நிலை அதனால் வரும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஒற்றை அச்சும் 1,500 கிலோ வரை எம்ஏஎம்மும் உள்ள டிரெய்லருக்கு மட்டும் ஒரு மாற்று உண்டு: பிரேக்அவே கேபிளுக்குப் பதிலாக, முன்பகுதி தரையில் விழாமல் தாங்கிப் பிடிக்கும் சங்கிலி போன்ற இரண்டாம் இணைப்பு. பிரேக் இல்லாத டிரெய்லர்களுக்கு இந்த இரண்டாம் இணைப்புதான் கட்டாயம்.

கேபிளை எங்கே மாட்டுவது என்பதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். டோபாரில் அதற்கென்றே ஒரு வளையமோ துளையோ இருக்கும். அதில்தான் மாட்ட வேண்டும். கொக்கி அந்த வளையத்தில் நேரடியாக மாட்டும் வகையாக இல்லாவிட்டால், கேபிளை அதன் வழியாக நுழைத்துத் திருப்பிக் கேபிள்மீதே மாட்டுங்கள். டோபார் பந்தின் (கப்ளிங் உட்காரும் குமிழின்) கழுத்தில் சும்மா சுற்றிப் போட்டால், கழற்றக்கூடிய டோபார் பந்தோடு கழன்று விழும்போது கேபிளும் கூடவே போய்விடும். டோபாரில் வளையமே இல்லை என்றால் அதற்கான துண்டு தனியாகக் கிடைக்கிறது. கேபிள், துண்டு இரண்டுமே மலிவு. திருப்பங்களில் இறுகாத அளவு தளர்வும் தரையில் உரசாத அளவு உயரமும் வேண்டும். தரையில் உரசித் தேய்ந்த கேபிளை அன்றே மாற்றுங்கள்.

7. பட்டறை: என்ன கேட்பது, எப்போது போவது

சாதாரணக் கார் பட்டறைகள் பலவற்றுக்கு ஓவர்ரன் பிரேக் பழக்கமில்லை. டிரெய்லர் அல்லது கேரவன் பட்டறைக்குப் போங்கள். ஈஸ்டருக்கு முந்திய வாரங்களில் அங்கே இடம் கிடைக்காது. கேரவன்காரர்கள் எல்லோரும் அப்போதுதான் வருவார்கள். ஜனவரி, பிப்ரவரியில் கொடுத்தால் சீக்கிரம் முடியும்.

செலவு ஷூக்களால் பெரிதாக ஏறுவதில்லை. கூலியும், டேம்பரும், துருப்பிடித்த கேபிள்களும்தான் பில்லை ஏற்றும். உதிரிப் பாகம் நீங்களே வாங்குவதானால் பேக்பிளேட்டில் (சக்கரத்தின் உட்புறம் பிரேக்கை மூடியிருக்கும் தகட்டில்) வார்த்திருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உதாரணமாக அல்-கோ நிறுவனத்தின் அச்சில் 2051 என்று இருந்தால் டிரம் விட்டம் 200 மில்லிமீட்டர், ஷூ அகலம் 50. எண் இல்லாமல் வாங்கினால் திருப்பி அனுப்ப வேண்டி வரும்.

சரிசெய்யும் வரிசை மிக முக்கியம். முதலில் கப்ளிங் தண்டு முழுவதும் வெளியே இழுத்திருக்க வேண்டும், ஹேண்ட்பிரேக் விட்டிருக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கி, முன்னோக்கி மட்டும் சுற்றிக்கொண்டு, பேக்பிளேட் வழியாக ஷூக்களைச் சரிசெய்ய வேண்டும். அதற்கு அடுத்து கேபிள், கடைசியாக நடுக்கம்பி. அவசரக்காரர்கள் நேரே நடுக்கம்பியின் நட்டை இறுக்கிவிடுவார்கள். ஹேண்ட்பிரேக் அன்றைக்கு நன்றாகப் பிடிக்கும். தேய்ந்த ஷூ தேய்ந்தபடியே இருக்கும், ரிவர்ஸில் பூட்டிக்கொள்ளும். "எங்கே சரிசெய்தீர்கள்?" என்று கேளுங்கள். பதிலிலேயே தெரிந்துவிடும்.

இன்னொன்று. சீல் செய்த பேரிங் உள்ள அல்-கோ அச்சுகளில் டிரம்மைப் பிடிக்கும் நட்டு ஒருமுறை மட்டும் பயன்படுத்தக் கூடியது. டிரம்மைக் கழற்றினால் புது நட்டு போட்டு 290 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையில் இறுக்க வேண்டும். பில்லில் புது நட்டு வரவில்லை என்றால், டிரம்மைக் கழற்றவே இல்லை, அல்லது பழைய நட்டையே போட்டிருக்கிறார்கள். இரண்டில் எது என்று கேட்டுவிட்டு வண்டியை எடுங்கள். புது ஷூ போட்டிருந்தால் சில நூறு மைல் ஓடிய பிறகு மறுபடி சரிசெய்ய வேண்டும். அதற்கும் சேர்த்து விலை பேசுங்கள்.

8. ஆவணங்கள்

டிரெய்லருக்கு வி5சி கிடையாது. அதனால் யாருடையது என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். விற்பனை ரசீதில் வரிசை எண், விற்றவர் பெயர், முகவரி, தேதி எல்லாம் இருக்கட்டும். தகடுகளைப் படம் எடுத்து வையுங்கள். 2012 அக்டோபர் 29க்குப் பிந்திய புது டிரெய்லர் என்றால் ஏற்புச் சான்றிதழையும் (விதிகளுக்கு ஏற்ற வகை என்பதற்கான சான்று) கேளுங்கள். பட்டறை பில்களைத் தேதி வாரியாகச் சேர்த்து வையுங்கள். எம்ஓடி இல்லாத பொருளுக்கு, பராமரித்தேன் என்று காட்ட இந்தக் கோப்பு ஒன்றுதான் இருக்கும்.

காப்பீட்டாளருக்கு எழுத்தில் தெரியப்படுத்துங்கள். கார் காப்பீடு பெரும்பாலும் மாட்டியிருக்கும் டிரெய்லரால் பிறருக்கு வரும் சேதத்தை ஈடு செய்யும். டிரெய்லர் திருட்டுப் போனாலோ நொறுங்கினாலோ தராது.

தொழிலுக்குப் பயன்படுத்துகிறீர்களா? சரக்கு ஏற்றும் வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த எடை வரம்பு 3,500 கிலோவைத் தாண்டினால் ஆபரேட்டர் உரிமம் (தொழிலுக்குச் சரக்கு வண்டி இயக்குவதற்கான உரிமம்) தேவைப்படலாம். டிரெய்லரின் வெற்று எடை 1,020 கிலோவுக்குக் குறைவென்றால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. தொழிலுக்கு டிரெய்லர் தேடும்போது இந்த எண்ணையும் மனதில் வையுங்கள். சற்று கனமான ஒன்றை வாங்கியதால் ஒரு முழு உரிம நடைமுறைக்குள் போக வேண்டி வரலாம். டேக்கோகிராஃப் (ஓட்டும் நேரத்தைப் பதிவு செய்யும் கருவி) விதிகளுக்கு விலக்குகள் வேறு. அவற்றைத் தனியாகப் பாருங்கள்.

9. வெளிநாடு கொண்டுபோவதானால்

பிரிட்டனுக்குள் ஓட்ட டிரெய்லரைப் பதிவு செய்ய வேண்டியதில்லை. இழுக்கும் வண்டியின் எண் பலகையையே பின்னால் மாட்டினால் போதும். பிரான்ஸ், ஜெர்மனி போன்ற நாடுகளுக்குக் கொண்டுபோவதானால், தொழிலுக்கான டிரெய்லர் 750 கிலோவைத் தாண்டினாலே டிவிஎல்ஏவில் பதிவு கட்டாயம். சொந்தப் பயன்பாட்டுக்கானது 3,500 கிலோவைத் தாண்டினால் மட்டும். முதல் பதிவுக் கட்டணம் 26 பவுண்டு. அயர்லாந்துக்கு மட்டும் போகிறீர்கள் என்றால் தேவையில்லை.

விண்ணப்பத்தில் வரிசை எண்ணும் எடைகளும் கேட்பார்கள். முதல் படியில் எடுத்த தகட்டுப் படம் இங்கே கைகொடுக்கும். சான்றிதழ் தபாலில் வரும். பிறகுதான் அந்த எண்ணில் பலகை செய்து, வண்டியின் எண் பலகையோடு சேர்த்து டிரெய்லரில் மாட்ட முடியும். கப்பல் டிக்கெட்டின் தேதியை முடிவு செய்யும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள், பயணத்தில் சான்றிதழைக் கையோடு எடுத்துப் போங்கள்.